ரேகைச் சட்டம் முதல் கருவிழிக் காசு வரை



2023 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் கென்யத் தலைநகர் நைரோபியில், கென்யாட்டா பன்னாட்டு மாநாட்டு மையத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். வரிசையின் முடிவில் கால்பந்து அளவில் பளபளக்கும் ஓர் உலோகக் கோளம் இருந்தது. அதன் பெயர் ‘ஆர்ப்’. அதை உற்றுப் பார்த்தால் அது உங்கள் கருவிழியைப் படம் பிடிக்கும். உங்கள் போனில் உள்ள கிரிப்டோ வாலட்டில் 25 வேர்ல்ட்காயின் டோக்கன்கள் வந்து விழும். அன்றைய விலையில் அது ஏறத்தாழ 7,000 கென்ய ஷில்லிங். வேலை கிடைக்காத ஒருவருக்கு அது பெரிய பணம்.

எதற்காக இந்தப் படம்? செயற்கை நுண்ணறிவு வளர வளர, இணையத்தில் பேசுவது மனிதரா இயந்திரமா என்று தெரியாமல் போகும். ஆகவே ‘இவர் மனிதர், ஒரே ஒருவர், இரண்டாவது முறை பதிந்தவர் இல்லை’ என்று சான்று தர ஒரு வழி வேண்டும் என்றது நிறுவனம். 2019இல் இதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சாம் ஆல்ட்மேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவரும் அவரே. மனிதரைப் போலவே பேசும் இயந்திரத்தை ஒரு கையால் விற்பவர், மனிதர் என்பதற்கான சான்றை மறு கையால் நீட்டுகிறார்.

இதைத் தொழில்நுட்பச் செய்தி என்று நாம் கடந்துவிட முடியாது. ‘நீ யார் என்று உன் உடம்பைக் கொண்டு நிரூபி’ என்ற கேள்விக்கு 160 ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அந்தக் கேள்வி எப்போதும் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கேட்கப்பட்டதில்லை. முதலில் யாரிடம் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள், மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்பது தெரிந்தால்தான் இன்று கருவிழிமுன் நீட்டப்படும் காசைப் பற்றி நாம் தெளிவாகப் பேச முடியும்.

ஒரு ஒப்பந்தக்காரரின் உள்ளங்கை

1858, வங்காளம். சிப்பாய்ப் புரட்சி நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஜங்கிபூரில் இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடும் பொருள் தருவதற்காக ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார். கோனாய் கையெழுத்துப் போட்டால் போதாது என்று ஹெர்ஷலுக்குத் தோன்றியது. அவருடைய உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறத்தில் பதித்து வாங்கினார். பின்னாளில் கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லும் எண்ணமே கோனாய்க்கு வரக் கூடாது, அந்தப் பயத்தை ஏற்படுத்தவே அப்படிச் செய்தேன் என்று ஹெர்ஷலே பிறகு எழுதினார்.

அந்த முதல் பதிவில் அறிவியல் கிடையாது. ரேகையை வைத்து ஆளை அடையாளம் காண முடியும் என்று அன்று யாரும் நிறுவியிருக்கவில்லை. அதில் இருந்தது அவநம்பிக்கையும் அச்சுறுத்தலும். ‘இந்த மண்ணின் ஆட்கள் பொய் சொல்வார்கள்’ என்ற காலனிய நம்பிக்கைதான் அந்த மையின் அடிப்படை.

1877இல் ஹூக்ளி மாவட்ட நீதிபதியாக இருந்தபோது ஹெர்ஷல் இதை மூன்று இடங்களில் நடைமுறைப்படுத்தினார். ஓய்வூதியம் வாங்குபவர்கள், பத்திரம் பதிபவர்கள், சிறைக் கைதிகள். இறந்துபோனவரின் பெயரில் வேறு யாரும் ஓய்வூதியம் வாங்கிவிடக் கூடாது என்பது முதல் காரணம். ‘போலிப் பயனாளிகளை ஒழிக்கிறோம்’ என்று இன்று நாம் கேட்கும் வாசகத்துக்கு வயது ஏறத்தாழ 150. உதவித்தொகை பெறுபவரும் சிறைக் கைதியும் ஒரே மையில் விரல் நனைக்க வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கும் அதே வயதுதான்.

கணக்கு போட்டவர்கள் வேறு, பெயர் வாங்கியவர் வேறு

1892இல் பிரான்சிஸ் கால்டன் லண்டனில் கைரேகை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று மனிதரைத் தரம் பிரித்து ‘நல்ல வித்து’களைப் பெருக்க வேண்டும் என்ற யூஜெனிக்ஸ் கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் இவரே. ரேகையில் இன வேறுபாடு தெரியும் என்று அவர் ஆவலோடு தேடினார். கிடைக்கவில்லை. விரல் நுனியில் மேலோர் கீழோர் என்ற முத்திரை எதுவும் இல்லை என்பதை அவரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உடம்பில் சாதி எழுதப்பட்டிருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தேவையில்லை.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. லட்சம் ரேகைகள் சேர்ந்தால் அதில் ஒன்றை எப்படித் தேடுவது? அதைத் தீர்த்தது கல்கத்தா. வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள், பத்து விரல் பதிவுகளை 1,024 அறைகளில் பிரித்து அடுக்கும் முறையை உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் திறக்கப்பட்டது. முறைக்குப் பெயர் மட்டும் ‘ஹென்றி முறை’ என்றானது. 1901இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது. காலனி மக்களின் விரல்களில் சோதித்துப் பார்த்த பிறகுதான் அந்தக் கருவி லண்டன் போலீசின் கைக்குப் போனது. இந்த வரிசையை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நம் ஊரில் அதன் பெயர் ரேகைச் சட்டம்

1871இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் வந்தது. ஒருவர் திருடினாரா என்று கேட்காமல், அவர் பிறந்த சமூகமே பிறவிக் குற்றவாளி என்று அறிவித்த சட்டம் அது. பிறப்பால் தொழில், பிறப்பால் இழிவு என்ற சாதியின் தர்க்கத்தை ஆங்கிலேயர் எடுத்து, சட்டமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். வடக்கே மகாய்யா டோம் உள்ளிட்ட பல சமூகங்கள் இதில் சிக்கின. 1911இல் அது சென்னை மாகாணம் உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது. பதிவு செய்யப்பட்ட எவருடைய விரல் ரேகையையும் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.

இங்கே குறவர்களும் கள்ளர்களும் மற்றும் பல சமூகங்களும் அதன் கீழ் வந்தார்கள். மதுரைப் பக்கத்து மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேகைச் சட்டம்’. சட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயர் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அது தங்கள் உடம்பில் எங்கே தொட்டதோ அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைத்தவர் ஊரில் இருந்தும் கைதியாக வாழ்ந்தார்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென் மாவட்டங்களில் சாதி இன்று நம்மையும் அந்தச் சமூகத்தையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. அதற்காக இந்த வரலாற்றை நாம் மறைக்க மாட்டோம். பிறப்பைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து இறந்தவர்களின் நினைவு, பிறப்பை இழிவாக்கும் சாதியை எதிர்க்கும் நமக்கும் உரியது. இதே சட்டத்தில் நசுக்கப்பட்ட குறவர்கள் இன்று தமிழ்நாட்டின் பட்டியல் சாதிப் பட்டியலில் நம்மோடு இருக்கிறார்கள். சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் நீக்கப்பட்ட பிறகும், காவல் நிலையம் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே 1920இல் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் ஒன்றும் வந்தது. 2022இல் அதை நீக்கி, புதிய சட்டம் கொண்டு வந்தார்கள். விரலோடு கருவிழி, விழித்திரை, நடத்தைக் கூறுகள் வரை எடுக்கலாம். எடுத்ததை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். நம் சிறைகளில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மக்கள்தொகை விகிதத்தை மீறி அடைபட்டிருக்கிறார்கள். அப்படியானால் அந்த 75 ஆண்டுக் கிடங்கில் யாருடைய கண்கள் அதிகம் இருக்கும்?

தாமாக முன்வந்து பதியுங்கள்

கல்கத்தா முறை கடல் கடந்தது. எட்வர்ட் ஹென்றியே 1900இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ப் போலீஸ் அமைப்பைச் சீரமைத்தார். 1906இல் டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர்கள் அனைவரும் பத்து விரல் ரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்றது. ஜோகன்னஸ்பர்க்கில் அதை எதிர்த்துப் போராடியவர்களில் தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் முன்னணியில் நின்றார்கள். குடும்பத்தோடு சிறை போனார்கள்.

1908 ஜனவரியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கட்டாயம் வேண்டாம், தாமாக முன்வந்து பதியட்டும், சட்டத்தைத் திரும்பப் பெறுவார்கள் என்று நம்பி காந்தி ஒப்புக்கொண்டார். மக்கள் பதிந்தார்கள். சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. அந்த ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். சான்றிதழைத்தான் எரிக்க முடிந்தது. கொடுத்த ரேகை அரசிடம் இருந்தது. ‘விருப்பம்’ என்ற பெயரில் உடம்பின் தகவலைக் கொடுத்துவிட்டு, பிறகு விருப்பம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு தரும் பழைய பாடம் இது.

அந்தப் போராட்டத்தில் ஒரு குறையும் உண்டு. அது இந்தியர்களின் மானத்தைப் பேசியது. அதே மண்ணில் ஏற்கனவே பாஸ் சட்டத்தில் நசுங்கிய கறுப்பின மக்களின் பிரச்சினையாக அதை விரிக்கவில்லை. 1952இல் நிறவெறி அரசு அந்த மக்கள் ஒவ்வொருவரும் ரேகைப் பதிவோடு இணைந்த அடையாளப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் அந்தப் புத்தகத்தை எதிர்த்துத் திரண்ட மக்களைப் போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தார்கள்.

அந்தப் புத்தகத்துக்கான புகைப்படங்களை எடுத்த கருவிகளில் ஒன்று அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்தின் ஐடி-2. சில நிமிடங்களில் அடையாள அட்டை செய்து தரும் கருவி. 1970இல் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள், வேதியியலாளர் கரோலின் ஹன்டரும் புகைப்படக் கலைஞர் கென் வில்லியம்ஸும், இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார்கள். துண்டறிக்கை ஒட்டினார்கள். புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். வேலையை இழந்தார்கள். விடவில்லை. 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. ‘நாங்கள் கருவி மட்டும்தான் செய்கிறோம், அரசியல் எங்களுக்குத் தெரியாது’ என்ற பதில் அன்றே உடைக்கப்பட்டுவிட்டது. ஐடி நிறுவனங்களில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இந்த இருவரின் பெயரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தேய்ந்த விரல்கள்

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிராவின் நந்துர்பார் மாவட்டத்தில் டெம்ப்ளி என்ற ஆதிவாசி கிராமத்தில் ஆதார் தொடங்கியது. பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகம். முதலில் விருப்பம் இருந்தால் பதியலாம் என்றார்கள். பிறகு ரேஷன், நூறு நாள் வேலை, ஓய்வூதியம், கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றாக இணைத்தார்கள்.

விரல் ரேகை எல்லோருக்கும் ஒரே மாதிரி வாழ்வதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் ரேகை அப்படியே இருக்கும். செங்கல் சூளையில், தோல் பதனிடும் தொட்டியில், சிமெண்டுக் கலவையில், கழனிச் சேற்றில், துப்புரவு வேலையில் முப்பது ஆண்டு உழைத்தவரின் ரேகை தேய்ந்துபோகும். இயந்திரம் ‘பொருந்தவில்லை’ என்று சொல்லும். யாருடைய உழைப்பில் நாடு நிற்கிறதோ, அவர்களைத்தான் இயந்திரம் ஆள் இல்லை என்கிறது.

2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் குடும்ப ரேஷன் அட்டை நீக்கப்பட்டதாகவும், பட்டினியால் இறந்ததாகவும் குடும்பத்தினர் சொன்னார்கள். மலேரியா என்று அரசு மறுத்தது. நோயா பசியா என்று அவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்திலும், அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோயிருந்தது என்ற உண்மை அப்படியே இருந்தது.

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதாரை ஏற்றது. தனியார் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வழி செய்த பகுதியை நீக்கியது. 2019இல் வந்த திருத்தம், ‘வாடிக்கையாளர் விரும்பினால்’ என்ற சொல்லோடு வங்கிகளையும் தொலைபேசி நிறுவனங்களையும் மறுபடி உள்ளே விட்டது. சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டினார்கள். எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்க. மேலதிகாரிகளின் கையில் அப்படி ஒன்று கட்டப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆர்ப் எப்படி வேலை செய்கிறது?

எதிர்ப்பதற்கு முன் சரியாகப் புரிந்துகொள்வோம். ரேகைச் சட்டமும் வேர்ல்ட்காயினும் ஒன்றே என்று சொன்னால் அது சோம்பேறித்தனம்.

ஆர்ப், அகச்சிவப்பு ஒளியில் கருவிழியைப் படம் பிடித்து, அதன் கோலத்தை ஓர் எண் வரிசையாக மாற்றுகிறது. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் கேம்பிரிட்ஜின் ஜான் டாக்மேன். 1994இல் காப்புரிமை பெற்றார். அந்த எண் வரிசை ஏற்கனவே பதிவானதா என்று ஒப்பிடுவார்கள். இல்லையென்றால் உங்கள் வாலட்டுக்கு ஒரு ‘வேர்ல்ட் ஐடி’ கிடைக்கும். வாலட் என்பது உண்மையில் ஒரு ரகசியச் சாவி. பிறகு ஏதாவது இணையதளம் ‘நீ மனிதனா’ என்று கேட்டால், பதிவு செய்தவர்களில் ஒருவர் நீங்கள் என்பதை மட்டும் அந்தச் சாவி கணித முறையில் நிரூபிக்கும். அவர்களில் எவர் என்பதைச் சொல்லாது. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், அப்பா பெயர் வேண்டாம்.

இந்தக் கடைசி வரியை நாம் அலட்சியப்படுத்த முடியாது. நம்மிடம் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் சாதியைத்தான் கேட்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்னது. அந்த வழியில்தான் தமிழ்நாட்டில் நாம் முதலெழுத்தோடு வாழ்கிறோம். இணையத்தில் புனைபெயரில் எழுதுவதால்தான் நம் பெண்கள் பலர் தைரியமாக எழுதுகிறார்கள். அதே இணையத்தில் நூறு போலிக் கணக்குகள் ஒரே இரவில் வந்து அவர்கள்மேல் சாணி அடிக்கின்றன. ஒரு மனிதருக்கு ஒரு கணக்கு, ஆனால் பெயர் தேவையில்லை என்பது கேட்க நமக்கும் நன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் எங்கே சிக்கல்? மூன்று இடங்களில்.

முதலாவது, கண் யாருடையது என்று ஆர்ப் சொல்லும். சாவி யார் கையில் என்று அதனால் சொல்ல முடியாது. நூறு நாள் வேலை அட்டையை ஒப்பந்தக்காரர் வாங்கி வைத்துக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். ரேஷன் கார்டு வட்டிக்காரரிடம் அடகில் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். சூளை முதலாளியிடம் முன்பணம் வாங்கிய குடும்பத்தின் ஏடிஎம் அட்டை யாரிடம் இருக்கும்? நாளை வேர்ல்ட் ஐடிக்கு விலை வந்தால், ஐம்பது தொழிலாளரை வேனில் ஏற்றி ஆர்ப் முன் நிறுத்தி, ஐம்பது சாவியையும் ஒருவரே வைத்துக்கொள்ள முடியும். இது கற்பனை இல்லை. சோதனைக் காலத்திலேயே ஏழை நாடுகளில் பதிந்த கணக்குகள் சீனக் கள்ளச்சந்தையில் விற்பனைக்கு வந்ததாகச் செய்திகள் வெளியாயின. ஒருவருக்கு ஒரு கணக்கு என்ற சமத்துவம், சமத்துவம் இல்லாத சமூகத்தில் இப்படித்தான் முடியும்.

இரண்டாவது, சம்மதம். 2022 ஏப்ரலில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ், இந்தோனேசியா, கென்யா, சூடான் உள்ளிட்ட நாடுகளில் நடந்த சோதனைப் பதிவுகளைப் புலனாய்வு செய்தது. எதற்குக் கண்ணைக் காட்டுகிறோம் என்று தெரியாமலே பலர் பரிசுக்கும் பணத்துக்கும் வரிசையில் நின்றதை அது வெளிக்கொண்டு வந்தது. 2023 ஜூலை 24 அன்று டோக்கன் வெளியானபோது, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அங்கே சட்டச் சிக்கல். கென்யர்களுக்குக் கிடைத்தது. காலனியில் சோதித்துவிட்டுத் தலைநகருக்குக் கொண்டுபோன ஹென்றி முறை நினைவுக்கு வருகிறதா?

மூன்றாவது, திரும்பப் பெற முடியாமை. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். கண்ணை மாற்ற முடியாது. கண் கோலத்தின் எண் வரிசையைத் துண்டுகளாக்கிப் பல இடங்களில் வைக்கிறோம், படத்தை அழித்துவிடுகிறோம் என்று நிறுவனம் பிறகு மாற்றங்கள் செய்தது. அவை நல்ல மாற்றங்களே. ஆனால் எதிர்ப்பு வந்ததால் செய்த மாற்றங்கள் அவை. எதிர்ப்பு அடங்கினால் யார் காவல்?

கண்ணுக்கு விலை வைக்கக் கூடாது

கென்ய அரசு 2023 ஆகஸ்ட் 2 அன்று பதிவை நிறுத்தியது. அதற்குள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் பதிந்திருந்தார்கள். கட்டிபா இன்ஸ்டிடியூட் என்ற குடிமை அமைப்பும் மற்றவர்களும் நீதிமன்றம் போனார்கள். 2025 மே 5 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டோக்கனைக் காட்டி வாங்கிய சம்மதம் செல்லாது. தகவல் பாதுகாப்பு பற்றிய முறையான முன்மதிப்பீடு செய்யப்படவில்லை. எடுத்த தகவல்களை ஏழு நாளில் அழிக்க வேண்டும்.

2024 மார்ச்சில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தின. சிறுவர்களின் கண்களும் பதிவானதாகப் புகார்கள் வந்திருந்தன. அந்த மே மாதம் ஹாங்காங் நிறுத்தியது. 2025 ஜனவரியில் பிரேசிலின் தகவல் பாதுகாப்பு ஆணையம் சொன்னதுதான் நமக்கு முக்கியம். கருவிழிக்குப் பணம் தரக் கூடாது. ஏழ்மையில் இருப்பவரின் சம்மதத்தைப் பணம் வளைத்துவிடும் என்றது அது. பசித்தவரிடம் வாங்கும் ‘விருப்பம்’ விருப்பமாகாது என்ற இந்தச் சொல்லை நாம் கூலி விஷயத்தில் எத்தனை ஆண்டாகச் சொல்லி வருகிறோம்!

உடம்பைத் தொடாத வழிகளும் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. 2021இல் எத்தீரியத்தில் வந்த ‘புரூஃப் ஆஃப் ஹியூமானிட்டி’ என்ற முறையில், நீங்கள் ஒரு வீடியோ போட வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், ஏற்கனவே உள்ளவர் ஒருவர் உங்களுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். கேட்க நல்லதாகத் தெரியலாம். சாட்சி சொல்ல ஆள் யாருக்குக் கிடைக்கும்? வாடகை வீடு தேடும்போது, வேலைக்குப் பரிந்துரை தேடும்போது நமக்குக் கிடைக்காத அதே ஆள்தான் இங்கேயும் கிடைக்க மாட்டார். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்ற வலைப்பின்னல் நம் நாட்டில் சாதி வழியாகவே ஓடுகிறது. பயோமெட்ரிக் இல்லை என்பதாலேயே ஒரு முறை நமக்கு நியாயமாகிவிடாது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒன்றிய அரசு தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அதை மட்டும் நம்பி நாம் இருக்க முடியாது. மனிதர் என்று நிரூபிக்கும் எந்த முறை வந்தாலும், அரசு கொண்டு வந்தாலும் தனியார் கொண்டு வந்தாலும், நாம் கேட்க வேண்டியவை இவை:

உடம்பின் தகவலுக்குப் பணமோ டோக்கனோ பரிசோ தரக் கூடாது.

மறுப்பவருக்கு அதே சேவை வேறு வழியில் கிடைக்க வேண்டும். ‘விருப்பம்’ என்று எழுதிவிட்டு மறுப்பவரை வெளியே நிறுத்தினால் அது கட்டாயம்.

தேய்ந்த விரல், புரை விழுந்த கண், ஆசிட் வீச்சில் சிதைந்த முகம் ஆகியவற்றோடு வருபவரை இயந்திரம் தள்ளினால், அதை மீறி முடிவெடுக்க ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். அந்த முடிவு தவறானால் கேட்க ஓர் இடம் வேண்டும்.

கொடுத்ததை அழிக்கச் சொன்னால் அழிக்க வேண்டும். அழித்ததற்கு, நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒருவர் சான்று தர வேண்டும்.

சோதனை நம் சேரியில் தொடங்கக் கூடாது. இவ்வளவு நல்ல கருவி என்றால் அமைச்சர்களும் நிறுவனத் தலைவர்களும் முதல் வரிசையில் நிற்கட்டும்.

இவற்றில் ஒன்றுகூடத் தொழில்நுட்பத்துக்கு எதிரானதில்லை. அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் கணக்கு போட்டது போல நம் பிள்ளைகளும் நாளை இந்த முறைகளை எழுதுவார்கள். எழுதும்போது பெயரையும் உரிமையையும் ஹென்றிகளிடம் விட்டுவிடாமல், கரோலின் ஹன்டரைப் போல ‘இது எங்கே போகிறது’ என்று கேட்கவும் வேண்டும்.

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். தாங்கள் மனிதர்கள் என்று யாரிடமும் சான்று வாங்கிக்கொண்டு அவர்கள் இறங்கவில்லை. குடித்ததால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று சொன்னவர்கள்தான் தங்கள் மனிதத்தன்மைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக நின்றார்கள். ‘நிரூபி’ என்று கேட்கப்படும்போதெல்லாம், கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார், அவர் முதலில் நிரூபித்தாரா என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. கல்லூரியில், விடுதியில், வேலை இடத்தில் உங்கள்முன் ஒரு கருவி நீட்டப்பட்டால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்.

ஜெய்பீம்.